டில்லிக்குப் போகும் படிப்பு

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் எங்கள் இலத்தூருக்கும் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். அருவியில் குளித்து, தென்காசியில் சாப்பிட்டு, மத்தியானப் பொழுதை எப்படிப் போக்குவதென்று தெரியாதவர்கள், "உங்கள் ஊர்க் குளம் பெரிய குளமாமே, மதுநாதர் கோயில் பழைய கோயிலாமே" என்று கேட்டுக்கொண்டே வந்து இறங்குவார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் அப்படி வந்தவர்களில் ஒருவர் சர்வதேச உறவுகள் பேராசிரியர். அவர் பெயரையும் அவர் வேலை பார்த்த இடத்தையும் நான் சொல்லப் போவதில்லை. நல்ல மனிதர், என் கதைகளைப் பொறுமையாகப் படிக்கிறவர். தவிரவும் நான் சண்டை பிடிக்கப் போவது அவரோடு அல்ல.

கோயிலைப் பார்த்துவிட்டு வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போது சிலோன் தாத்தா வந்தார். அவருக்கு எங்கள் தெருவில் அதுதான் பெயர். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1970-களில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, தம் தகப்பனார் பிறந்த ஊர் என்று கேள்விப்பட்ட ஒரே காரணத்துக்காக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர். நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதம் ஒன்றை எடுத்து, "இதிலே என்ன போட்டிருக்கு, படி தம்பி" என்பார். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அர்த்தம் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். பிற்பாடும் எனக்கு அது முழுக்க விளங்கியது என்று சொல்ல முடியாது.

விருந்தாளி இன்னார் என்று சொன்னேன். தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"ஐயா பெரிய படிப்புப் படிச்சவுகன்னு தம்பி சொல்லுது. எனக்கு ஒரு சந்தேகம். ரொம்ப வருஷமா இருக்கு."

"உட்கார்ந்து சொல்லுங்க, பெரியவரே."

"அஞ்சே கால் லட்சம் பேர் இந்தப் பக்கம், மூணு லட்சம் பேர் அந்தப் பக்கம், மிச்சம் ஒண்ணரை லட்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்னு எழுதினாகளாமே? அந்தக் கணக்கு எப்படி வந்தது? எங்க லயத்துலே வந்து எங்களை யாரும் கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லே. நான் இந்தப் பக்கம் வந்தேன். எங்க அக்கா அந்தப் பக்கம் நின்னுட்டா. இது எந்தக் கணக்குலே சேர்த்தி?"

பேராசிரியருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. அந்த ஒப்பந்தத்தைப் பற்றியே அவர் இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார் என்று பிறகு அவரே சொன்னார். ஆனால் அப்போது, "அது வந்து... பைலேட்டரல் நெகோஷியேஷன்லே... டொமஸ்டிக் கம்பல்ஷன்..." என்று ஆரம்பித்தவர் நடுவில் நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரொம்பச் சிக்கலான விஷயம், பெரியவரே" என்றார்.

"சிக்கல்தான் ஐயா. அதான் கேட்டேன்" என்றார் தாத்தா.

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. பேராசிரியர் சாயங்காலம் ரயிலுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. யார் வாழ்க்கையைப் பற்றி ஒரு படிப்பு இருக்கிறதோ, அவன் எதிரில் வந்து நின்றால் அந்தப் படிப்புக்கு வாய் அடைத்துப் போகிறதே, இது என்ன படிப்பு?

அன்று தொட்டு நான் யோசித்து வந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் சர்வதேச உறவுகள் என்ற படிப்பு டில்லிக்குப் போகும் படிப்பாக இருக்கிறது. டில்லிக்குப் போய், அங்கிருந்து முடிந்தால் வெளிநாட்டுக்கும் போய்விட்டு, ராமேஸ்வரத்துக்கும் இலத்தூருக்கும் திரும்பி வராத படிப்பாக இருக்கிறது. இதை மாற்றியாக வேண்டும்.

இந்தப் படிப்பை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர்களில் முதல்வர் ஒருவரின் கதையைப் பாருங்கள். ஏ. அப்பாதுரை என்ற அறிஞர் சென்னையில் ஆராய்ச்சி செய்தவர். கி.பி. 1000 முதல் 1500 வரை தென்னிந்தியாவின் பொருளாதார நிலைமை எப்படி இருந்தது என்று அவர் எழுதிய பெரிய நூலை 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகம் இரண்டு பாகங்களாக வெளியிட்டது. நம்முடைய கோயில் கல்வெட்டுகளில் கிடக்கும் நிலமும் வரியும் வாணிபமும்தான் அந்த நூலுக்குச் சரக்கு. அப்படிப்பட்டவர் டில்லிக்குப் போனார். 1943-ல் தோன்றிய உலக விவகார இந்தியக் கவுன்சிலுக்குக் காரியதரிசியானார். 1947 மார்ச்சில் ஆசிய நாடுகளின் பிரதிநிதிகளை டில்லியில் ஒன்று கூட்டிய மாநாடு அந்தக் கவுன்சில் நடத்தியதுதான். 1955-ல் சப்ரூ ஹவுஸில் சர்வதேச ஆராய்ச்சிக்கென்று தனிப் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் டைரக்டர் அவரே. அந்தப் பள்ளிதான் 1970-ல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

பெரிய வாழ்க்கை. அதில் குறை சொல்ல நான் யார்? சுதந்திரம் வந்த புதிதில் நாட்டுக்கு வெளிவிவகாரம் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. தலைநகரத்தில் பள்ளி வைத்தார்கள், ஆங்கிலத்தில் நடத்தினார்கள், அன்றைக்கு அது நியாயம். ஆனால் ஒரு முன்னோடி போன பாதை பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பாதையாகிவிட்டது. அதுதான் வினை. இன்று மதுரையிலோ சென்னையிலோ இந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளும் பையனைக் கேளுங்கள். டில்லியில் ஆராய்ச்சிப் பட்டம், வாஷிங்டனைப் பற்றியோ பீஜிங்கைப் பற்றியோ ஒரு நூல், வெளிநாட்டுக் கருத்தரங்கு என்று வரிசையாக அடுக்குவான். பாக் ஜலசந்தி என்றால் முகம் சுளிப்பான். அது ஏதோ ஜில்லா விவகாரம் என்று அவன் நினைப்பு.

இந்த நினைப்பு இந்தப் படிப்போடு கூடப் பிறந்ததா என்றால் இல்லை. உலகத்திலேயே இந்தப் பாடத்துக்கென்று முதலில் பேராசிரியர் பதவி ஏற்படுத்திய இடம் லண்டன் அல்ல, வாஷிங்டனும் அல்ல. வேல்ஸ் தேசத்தில் கடலோரத்தில் அபெரிஸ்ட்வித் என்று ஒரு சிறு பட்டணம் இருக்கிறது. 1919-ல் அங்கேதான் அது ஏற்பட்டது. முதல் உலக யுத்தத்தில் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமான அந்தக் கல்லூரி மாணவர்களின் நினைவாக, நிலக்கரியில் பணம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்த டேவிட் டேவிஸ் என்பவர் பொருள் கொடுத்தார். எங்கேயோ பெரிய மனிதர்கள் கூடி எடுத்த முடிவினால் எங்கள் ஊர்ப் பையன்கள் ஏன் சாக வேண்டும் என்ற கேள்வியிலிருந்து முளைத்த பதவி அது. பிற்காலத்தில் ஈ. எச். கார் என்ற பேராசிரியர் அந்தப் பதவியில் இருந்துகொண்டுதான் 1939-ல், இரண்டு யுத்தங்களுக்கு இடைப்பட்ட இருபது வருஷ நெருக்கடியைப் பற்றித் தம் பெயர் பெற்ற நூலை வெளியிட்டார். உலகத்தைப் புரிந்துகொள்ளத் தலைநகரத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சிறிய கடலோரப் பட்டணத்துக்கு அந்தக் கேள்வி உண்டென்றால் நமக்கு இல்லையா? எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு எல்லை என்பது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயம் அல்ல. இதோ இருக்கிற செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரையில் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தோடு இருந்தது. தூத்துக்குடியிலும் ராமேஸ்வரத்திலும் கப்பலேறிக் கொழும்புக்குக் கடை வைக்கப் போனவர்களும், மலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களும் திருநெல்வேலிச் சீமையில் கணக்கற்ற பேர். இன்றைக்கு வளைகுடா நாடுகளிலிருந்து மணியார்டர் வந்த காலம் போய், கைப்பேசியில் பணம் வந்து சேருகிறது. அங்கே ஒரு யுத்தம் மூண்டால் கடையநல்லூரிலும் தென்காசியிலும் தாய்மார்களுக்குச் சோறு இறங்குவதில்லை. இவர்களைவிடச் சர்வதேச உறவு உடையவர்கள் யார்?

தாத்தாவின் கேள்விக்கே வருவோம். 1948-ல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் டில்லியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேர் என்று மதிப்பிட்டு, அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று பங்கு பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். இலங்கைக் குடியுரிமை வேண்டும் என்று மனுப் போட்டவர்கள் அந்த மூன்று லட்சத்தைவிட மிக அதிகம். அதாவது, இருக்க விரும்பியவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து எழுதிய கணக்கு அல்ல அது. இரண்டு சர்க்கார்கள் பேரம் பேசி முடித்த கணக்கு. அப்புறம்தான் மனிதர்களைத் தேடிப் போனார்கள். அக்காள் அங்கே நின்றதும் தம்பி இங்கே வந்ததும் இப்படித்தான். கடைசியில் 2003-ல் இலங்கை ஒரு சட்டம் செய்து, மிச்சமிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கொடுத்தது.

இதைத் தமிழில் சொல்ல எனக்கு ஒரு பத்தி போதும். பேராசிரியராக இருந்தால் இன்னும் நன்றாகவும் ஆழமாகவும் சொல்லலாம். ஏன் சொல்வதில்லை?

முதல் காரணம் மார்க்கு. ஆமாம், பரீட்சை எழுதும் பையனுக்குத்தான் மார்க்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பேராசிரியர்களுக்கும் உண்டு. 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகளில் ஓர் அட்டவணை இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஆராய்ச்சிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தால் பத்து மார்க்கு. ஒரு முழு நூலையே மொழிபெயர்த்தால் எட்டு. வெளிநாட்டுக்குப் போய்ச் சொற்பொழிவு செய்தால் ஏழு. மாநில அளவில் செய்தால் இரண்டு. உலக ஸ்தாபனங்களுக்குக் கொள்கை அறிக்கை கொடுத்தால் பத்து, மத்திய சர்க்காருக்குக் கொடுத்தால் ஏழு, மாநில சர்க்காருக்கு நாலு. பத்து, ஏழு, நாலு என்று இறங்கி வரும் இந்தப் படிக்கட்டில் ராமேஸ்வரத்துக் கடற்கரை எங்கே இருக்கிறது? இலத்தூர்த் திண்ணை எங்கே இருக்கிறது? ஜனங்கள் வாங்கிப் படிக்கும் வாரப் பத்திரிகையில் எழுதும் கட்டுரைக்கு அந்த அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை. எட்டு மாதம் உழைத்து ஒரு நல்ல நூலைத் தமிழுக்குக் கொண்டு வருகிறவனுக்கு, எட்டுப் பக்கக் கட்டுரை எழுதுகிறவனைவிட இரண்டு மார்க்கு குறைவு! இப்படி விதி போட்டுவிட்டு, "ஏன் ஐயா தமிழில் எழுதுவதில்லை?" என்று ஒருவரைக் கேட்பது, காலைக் கட்டிவிட்டு ஓடச் சொல்வது போலத்தான்.

ஆனாலும் விதியின் மீதே எல்லாப் பழியையும் போட்டுவிட எனக்குச் சம்மதமில்லை. இந்தப் படிக்கட்டைப் பற்றிக் கவலைப்படாமல் நம் கடலைப் பார்த்து உட்கார்ந்தவர்களும் இருந்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கி நடத்திய பேராசிரியர் வி. சூரியநாராயண் அவர்களைச் சொல்லலாம். கச்சத்தீவைப் பற்றியும் பாக் ஜலசந்தி மீனவர் பிரச்னையைப் பற்றியும் 1994-ல் ஒரு நூல். அந்தக் கடலின் மீன்பிடித் தகராறு பற்றி 2005-ல் மற்றொரு நூல். தமிழ்நாட்டில் அடைக்கலம் புகுந்த இலங்கை அகதிகளைப் பற்றி இன்னொன்று. டில்லியும் அவரை மதித்துத் தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் வைத்துக்கொண்டது. நம் கரையைப் பற்றி எழுதினால் டில்லி மதிக்காது என்று அஞ்சுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆயினும் நான் சொன்ன 1994-ஆம் வருஷத்து நூலும் 2005-ஆம் வருஷத்து நூலும் ஆங்கிலத்தில்தான் வெளிவந்தன. பாம்பனில் வலை உலர்த்துகிறவனுக்கு அவற்றால் நேரடியாக என்ன பயன்? இது அவர் பேரில் குற்றம் அல்ல. அத்தகைய நூல் வந்த மறு வருஷமே தமிழில் அதைக் கொண்டு வந்து கடற்கரை ஊர்களில் கொடுத்திருக்க வேண்டிய பல்கலைக்கழகங்கள் நம்முடையவை, பதிப்பாளர்கள் நம்மவர்கள்.

இரண்டாவது காரணம் ஒன்று சொல்வார்கள். "தமிழில் வார்த்தை கிடையாது" என்பார்கள். இதைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தூதுக்கென்று திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போன கதை பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். அதெல்லாம் பழங்கதை என்றால், இன்றைய விஷயத்தையே சொல்லிக் காட்டுகிறேன். 1974 ஜூனில் செய்த ஒப்பந்தத்தின்படி கச்சத்தீவு இலங்கையின் எல்லைக்குள் போயிற்று. நம் மீனவரும் அந்தோணியார் கோயில் யாத்திரிகரும் முன்போலவே அங்கே போய் வரலாம் என்று அதில் எழுதியிருந்தது. 1976 மார்ச்சில் மாற்றிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று முடிவாயிற்று. தீவுக்குப் போகலாம் என்பது வேறு, கடலில் மீன் பிடிக்கலாம் என்பது வேறு. தகராறு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு எந்த ஆங்கில வார்த்தையும் தேவைப்படவில்லை. வார்த்தை இல்லை என்பவர்கள், கேட்க ஆள் இருப்பதாக நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது காரணம்தான் பொல்லாதது. அதை வெளியே சொல்ல மாட்டார்கள். தனியாகப் பேசும்போது சொல்வார்கள். "இந்த விஷயங்கள் ஜனங்கள் கைக்குப் போனால் உணர்ச்சிவசப்பட்டுவிடுவார்கள். நிபுணர்களிடம் விட்டுவிடுவதே நல்லது." நான் திருப்பிக் கேட்கிறேன்: நிபுணர் பேசாமல் இருந்தால் ஜனங்கள் பேசாமல் இருக்கிறார்களா? அந்த வெற்றிடத்தில் மேடைக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் கச்சத்தீவு ஒரு முறை கிளம்பி வருகிறது. ஓட்டு எண்ணி முடிந்ததும் கடலில் அமிழ்ந்துவிடுகிறது. அதைப் பற்றி முழங்குகிற நூறு பேரில் ஒப்பந்தத்தின் வாசகத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர்? கேட்டுக் கைதட்டுகிறவர்களில் எத்தனை பேர்? உணர்ச்சியைக் கண்டு பயப்படுகிறவர், உண்மையைச் சொல்லி அதற்குக் கரை கட்ட வேண்டும். சொல்லாமல் ஒளித்து வைத்துவிட்டு வெள்ளம் வருகிறதே என்று புலம்பக் கூடாது.

பேராசிரியர்களை இவ்வளவு சொல்லிவிட்டு, கதை எழுதுகிற எங்களை விட்டுவிட்டால் அது யோக்கியமான காரியம் ஆகாது. புதுமைப்பித்தன் 1930-களிலேயே 'துன்பக்கேணி'யில் திருநெல்வேலிச் சீமை ஏழையை இலங்கைத் தேயிலைத் தோட்டம் வரை பின்தொடர்ந்து போனார். அவர் ஒப்பந்தங்களை ஆராயவில்லை, மனிதரைப் பார்த்தார். அவருக்குப் பிறகு வந்த எங்களில் பலருக்குக் குற்றாலத்துச் சாரலும் காதலும் போதுமாக இருந்தன. சிலோன் தாத்தா எங்கள் தெருவில் இத்தனை வருஷம் இருந்தும் நான் அவரைப் பற்றி ஒரு கதை எழுதவில்லையே! பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. நட்சத்திரங்களின் விவாகத்துக்கு ஆறு பக்கம் ஒதுக்குகிறவர்கள், ஓர் ஒப்பந்தத்தை விளக்க ஒரு பக்கம் கேட்டால், "வாசகர்கள் விரும்ப மாட்டார்கள்" என்கிறார்கள். வாசகர்களே, உங்கள் பெயரைச் சொல்லித்தான் இந்தப் பொய் நடக்கிறது. நீங்கள் ஒரு கார்டாவது எழுதிப் போடுங்கள்.

வெறுமே குறை சொல்லி முடிக்க எனக்கு விருப்பமில்லை. நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் அல்ல. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நம் அண்டை நாடுகளைப் பற்றியோ, வெளிநாடு சென்ற நம் ஜனங்களைப் பற்றியோ ஆராய்ந்து பட்டம் பெறுகிற ஒவ்வொருவரும், தம் ஆராய்ச்சியின் சாரத்தை முப்பது நாற்பது பக்கத்தில், எட்டாவது படித்தவன் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதித் தரட்டும். அது இல்லாமல் பட்டம் இல்லை என்று வையுங்கள். அந்தச் சிறு நூலுக்கு, ஆராய்ச்சிப் பத்திரிகைக் கட்டுரைக்குத் தரும் அதே பத்து மார்க்கைக் கொடுங்கள். வருஷத்தில் இரண்டு நாள் அவர்கள் ராமேஸ்வரத்துக்கோ கோத்தகிரிக்கோ தென்காசிக்கோ வந்து, தாங்கள் எழுதியதைச் சம்பந்தப்பட்டவர்கள் முன்னால் படிக்கட்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்லட்டும். தேர்வாளர்களை ஏமாற்றிவிடலாம், அனுபவித்தவனை ஏமாற்ற முடியாது. அவன் கேள்வியால் ஆராய்ச்சியும் செம்மைப்படும்.

அன்று வந்துபோன பேராசிரியர் போன மாரியில் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம். "உங்கள் ஊர்ப் பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழில் எழுத ஆரம்பித்த பிறகுதான், எனக்கே பதில் சரியாகத் தெரியாது என்று தெரிந்தது" என்று எழுதியிருந்தார். நாற்பது வருஷ உத்தியோகத்தில் வராத வாக்கியம் ஓய்வு பெற்ற பிறகு வந்திருக்கிறது. வந்தவரைக்கும் சந்தோஷம்தான்.

கடிதத்தைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். காது மந்தம், இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, "எழுதி முடிச்சா எனக்கு ஒண்ணு அனுப்பச் சொல்லு தம்பி. பெட்டியிலே அந்தக் காயிதத்தோட சேர்த்து வைச்சுக்கிடுதேன்" என்றார்.

பெட்டியில் இடம் இருக்கிறது. பேராசிரியர்கள் சீக்கிரம் எழுத வேண்டும். தாத்தாவுக்கு எண்பது நெருங்குகிறது.